ஐந்தாம் துளையில் சைபர்

சுத்தியலை ஒரு தரம்கூடத் தூக்கவில்லை. இருந்தும் ஒண்ணுரெண்டு அண்ணன், "மூணுன்னு போட்டுக்கங்க மேடம்," என்றார். சண்டை அங்கேதான் ஆரம்பித்தது.

ஒண்ணுரெண்டு என்பது வேலையிடத்தில் அவருக்கு வைத்த பெயர். பூமியில் துளை போடும் குழுவுக்கு அவர்தான் தலைவர். இருபது வருஷமாகச் சுத்தியல் அடிகளை எண்ணி எண்ணி, எதைக் கண்டாலும் எண்ணுகிற பழக்கம் வந்துவிட்ட மனுஷன். படி ஏறினால் எண்ணுவார். டீயை எத்தனை தரம் ஆற்றினார் என்று எண்ணுவார். தும்மல் வந்தால்கூட எத்தனை என்று அவருக்குக் கணக்கு உண்டு. அப்பேர்ப்பட்டவர் அடிக்காத அடிக்கு மூன்று என்று சொன்னால், கேட்கிறவளுக்குப் பற்றிக்கொண்டு வராதா?

கேட்டவளுக்கும் ஒரு பெயர் இருந்தது. எதிரில் மேடம், முதுகுக்குப் பின்னால் மோப்பம். பூமிக்குள்ளிருந்து வரும் ஒவ்வொரு பிடி மண்ணையும் அவள் முதலில் மோந்து பார்ப்பாள். பிறகு விரலில் நசுக்குவாள். ஈரமாக்கி உள்ளங்கையில் வைத்துத் தட்டி, மேலே தண்ணீர் மினுங்குகிறதா என்று பார்ப்பாள். மெல்லிய திரியாக உருட்டி, எங்கே அறுகிறது என்று பார்ப்பாள். சந்தேகம் தீரவில்லை என்றால் ஒரு துளி எடுத்து முன்பல்லில் வைத்துக் கடிப்பாள். நறநறத்தால் வண்டல், வழுக்கினால் களிமண். 'மேடம் இன்னைக்கும் மண்ணைத் தின்னாச்சு' என்று குழு சிரிக்கும். சிரித்துவிட்டுப் போகட்டும். அவள் எழுதின தாளைப் படித்துத்தான் மேலே வீடும் பாலமும் நிற்கின்றன, அவர்கள் சிரிப்பின்மேல் நிற்கவில்லை.

வேலை இதுதான். முக்காலி மாதிரி நாட்டிய கம்பத்துக்கு அடியில் துளை போகும். ஒன்றரை மீட்டருக்கு ஒரு தரம் நிறுத்தி, இரண்டாகப் பிளக்கக்கூடிய ஒரு குழாயைக் கம்பியின் நுனியில் மாட்டி உள்ளே இறக்குவார்கள். மேலே அறுபத்துச் சொச்சம் கிலோ சுத்தியல். அதை இடுப்பளவு உயரத்துக்குத் தூக்கித் தூக்கி விட்டால், குழாய் மண்ணுக்குள் இறங்கும். குறித்த ஆழம் போக எத்தனை அடி வாங்கியதோ அதுதான் மண்ணின் பலம். முப்பது வாங்கினால் கெட்டி. எட்டு வாங்கினால் சுமார். மூன்று என்றால் சவலைப் பிள்ளை. கம்பியில் சாக்பீஸால் மூன்று கோடு போட்டு, கோடு கோடாக எண்ணுவார்கள்.

அந்த மனையில் நாலு மாடிப் பள்ளிக்கூடம் வரப்போகிறது. மொத்தம் ஐந்து துளை. முதல் நாலும் தொந்தரவு கொடுக்கவில்லை. மேலே கொட்டின மண், கீழே பழுப்புக் களிமண், அதற்கும் கீழே நல்ல மணல். ஐந்தாவது, பின்சுவர் ஓரம், மூலையில். ஏழரை மீட்டரில் குழாயை இறக்கினார்கள். சுத்தியலை மாட்ட ஒருவர் குனிந்தார். அதற்குள் கம்பி தன் பாட்டுக்குக் கீழே போக ஆரம்பித்துவிட்டது. முதல் சாக்பீஸ் கோடு போயிற்று. இரண்டாவது போயிற்று. மூன்றாவதும் துளைக்குள் மறைந்த பிறகுதான், பிடித்திருந்தவர்கள் சுதாரித்துக் கவ்வியைப் போட்டார்கள்.

வெளியே எடுத்துப் பிளந்தால், குழாய் நிறையக் கறுப்பு. அதை மோந்து பார்க்க மோப்பம் தேவையில்லை, பத்தடி தள்ளி நின்றவர்களே மூக்கைப் பொத்தினார்கள். அழுகின இலை, தேங்கின தண்ணீர், கெட்டுப்போன முட்டை, எல்லாம் சேர்ந்த வாடை. கையில் எடுத்துப் பிழிந்தாள். விரலிடுக்கில் பழுப்புத் தண்ணீர் வழிந்தது, உள்ளே நார் நாராகக் கோரைத் தண்டு. ஒரு காலத்தில் இந்த மூலையில் குட்டை இருந்திருக்கிறது. யாரோ அதை மூடி, மேலே மண்ணைக் கொட்டி, சமம் பண்ணிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

"அண்ணே, சுத்தியல் எங்க இருக்கு?" என்று கேட்டாள்.

"அதோ, கீழ கிடக்கு."

"அப்ப மூணு எங்கேருந்து வந்துச்சு?"

ஒண்ணுரெண்டு கையைத் துடைத்துக்கொண்டார். "வழக்கமாப் போடறதுதானே மேடம். இந்த மாதிரி வந்தா ரெண்டோ மூணோ போடுவோம். சைபர்னு யாராச்சும் எழுதுவாங்களா? சைபரைப் பார்த்தா டெஸ்டே எடுக்கலைன்னு ஆபீஸ்ல திருப்பி அனுப்புவாங்க. மறுபடி முதல்லேருந்து போர் போடணும். உங்களுக்குத் தெரியாததா?"

அவளுக்குத் தெரியும். நன்றாகவே தெரியும். அதுதான் அவளுக்கு எரிந்தது.

கவிழ்த்துப் போட்ட வாளியில் உட்கார்ந்து, மடியில் துளைக் கணக்கு எழுதும் லாக் புத்தகத்தை விரித்தாள். பென்சில் கூடாது, பேனாதான். தப்பாக எழுதினால் அழிக்கக் கூடாது, ஒரே கோடு போட்டு அடித்து ஓரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். இது அந்தத் தொழிலின் சட்டம். அவள் அடிக்கவும் இல்லை, யோசிக்கவும் இல்லை. எண்ணிக்கை என்ற கட்டத்தில் ஒரு சைபர் போட்டாள், பெரிசாக, கட்டம் நிறைய. பக்கத்தில் எழுதினாள்: 'சுத்தியல் மாட்டவில்லை. கம்பி தன் எடையிலேயே முழு ஆழமும் இறங்கியது. கறுப்பு மக்கின மண், நார்கள், அழுகல் வாடை, மிக மிருது.'

"என் பேரைக் கெடுக்கறீங்க," என்றார் ஒண்ணுரெண்டு. அதன் பிறகு அன்று முழுக்க அவளுடன் பேசவில்லை. தனக்குள் எண்ணுவதைக்கூட நிறுத்திவிட்டார் என்று குழு பிற்பாடு சொன்னது.

மதியம் அத்தான் வந்தார். அத்தான் என்றால் அவளுடைய அக்கா கணவர், இந்தத் துளை போடும் கம்பெனிக்கே முதலாளி. கெட்ட மனுஷர் இல்லை. புருஷனை விட்டு ஒரு பெட்டியோடு அவள் வந்து நின்றபோது, ஏன் எதற்கு என்று கேட்காமல் மறுநாளே வேலைக்குக் கூட்டிப்போனவர் அவர்தான். அவள் தங்கியிருக்கும் அறை அவர் பார்த்துக் கொடுத்தது. அவள் போட்டிருக்கும் பூட்ஸ் அவர் வாங்கிக் கொடுத்தது. இதையெல்லாம் அவர் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லிக் காட்டாதவரை எதிர்ப்பதுதான் இன்னும் கஷ்டம்.

வேலையிடத்து ஆபீஸ் என்பது ஒரு கன்டெய்னர். உள்ளே ஒரு மேசை, காற்று வராத ஒரு ஃபேன், சுவர் நீளத்துக்குத் தட்டு, தட்டு முழுக்க மண் அடைத்த கண்ணாடி பாட்டில்கள். ஒவ்வொரு பாட்டிலிலும் துளை நம்பரும் ஆழமும் அவள் கையெழுத்தில். அந்தக் கன்டெய்னருக்குச் சாவி ஒன்றே ஒன்று, அதுவும் அவள் இடுப்பில். அத்தான் ஐந்தாம் துளையின் தாளைக் கையில் எடுத்தார். கண்ணாடியை மேலே ஏற்றினார்.

"என்னம்மா இது, முட்டை போட்டு வெச்சிருக்கே?"

"மண்ணு போட்டுச்சு அத்தான். நான் எழுதினேன்."

"டிரில்லர் மூணுன்றாரே."

"அவர் மரியாதைக்குச் சொல்றார்."

அத்தான் சிரித்தார். சிரித்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பேச்சு நீளும் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. "இங்க பாரு. நாலு போரும் நல்லா இருக்கு. அதை நம்பி டிசைன் பாதிக்கு மேல முடிஞ்சாச்சு. இந்த அஞ்சாவது சும்மா சம்பிரதாயத்துக்கு. அந்த மூலையில கிளாஸ் ரூம்கூட வரலை, வெறும் மாடிப்படி."

"மாடிப்படியில யாரு அத்தான் ஏறுவாங்க? ஆயிரம் பிள்ளைங்க. மணி அடிச்சா எல்லாம் ஒண்ணா இறங்கும்."

"மூணுன்னு இருந்தா அடித்தளத்தைக் கொஞ்சம் அகலமாக்கி ஒப்பேத்திடலாம். சைபர்னு போனா மொத்த டிசைனையும் தூக்கிப் போடணும். ஆறு மாசம் தள்ளும். கட்டறவங்க அடுத்த தடவை நம்மள வாசல்ல சேர்ப்பாங்களா? என் வாயில மண்ணைப் போடாதேம்மா."

"நான் தினமும் என் வாயில மண்ணைப் போட்டுக்கறேன் அத்தான். எனக்கு ஒண்ணும் ஆகலை."

அவருக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. தாளை மேசையில் வைத்து அதன் ஓரத்துச் சேற்றை நகத்தால் சுரண்டினார். "இது ஒரே சகதியா இருக்கு. வேற தாள்ல அழகா எழுதிக் கொடு. டிரில்லர் என்ன சொன்னாரோ அதையே எழுது. பொய் எழுதச் சொல்லலை. அவர் சொன்னதை எழுதச் சொல்றேன்."

இந்த மாதிரிச் சமாதானம் ஒன்று இருக்கிறதே, அதுதான் ஆளை விழுங்கும். பொய் சொன்னது அவர், எழுதினது இவள், படித்தது இன்னொருவர். கட்டிடம் சாயும்போது யாரைப் போய்க் கேட்பது? எல்லார் கையும் சுத்தம்.

"முடியாது," என்றாள்.

அந்தச் சொல்லை அவள் வாயிலிருந்து அந்தக் குடும்பம் கேட்டதில்லை. "ரெண்டு மீட்டர் தள்ளி இன்னொரு போர் போடுங்க அத்தான். நீங்களும் பக்கத்துல வந்து நில்லுங்க. மூணு அடி வாங்கினா மூணுன்னு நானே எழுதறேன், உங்க முன்னாடி."

அத்தான் யோசித்தார். ரெண்டு மீட்டர் தள்ளினால் களிமண் வரும் என்றுதான் அவர் நினைத்திருக்க வேண்டும். "சரி, நாளைக்குக் காலைல," என்று எழுந்தார். போகும்போது தாளை எடுத்துக்கொண்டு போகவில்லை. அதை அவள் கவனித்தாள்.

சாயங்காலம் பஸ்ஸில் அவளுக்கு ஜன்னலோர இடம் கிடைத்தது, கூடவே அக்காவின் போனும் வந்தது.

"ஏண்டி, என்னடி பண்ணி வெச்சே? மனுஷன் வந்ததுலேருந்து பேசலை. சாப்பாட்டைப் பிசைஞ்சு பிசைஞ்சு வெச்சுட்டு எழுந்துட்டார். ஒரு நம்பர்தானே? எழுதிக் கொடுத்துட்டுப் போயேன்."

"அக்கா, உன் அடுக்களைக் கதவு மூடுதா?"

"அது எதுக்கு இப்ப? முட்டியால ஒரு உதை விட்டா மூடும். அந்தக் கொத்தனார் நாசமாப் போக. நீ பேச்சை மாத்தாதே."

அவள் பேச்சை மாற்றவில்லை. அக்காவுக்கு அது தெரியாது, அவ்வளவுதான்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் அத்தான் தன் சொந்த வீட்டைக் கட்டினார். மனையில் மூன்று துளை. அவள் வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது மாதம். அன்றைக்கும் எண்ணினவர் இதே ஒண்ணுரெண்டு அண்ணன்தான். பின்மூலைத் துளையில், சுத்தியலை மாட்டுவதற்கு முன்பே கம்பி மூன்று கோடும் மறையத் தானாக இறங்கிற்று. அண்ணன் 'ரெண்டு' என்றார். அவள் பார்த்தாள், பார்த்துக்கொண்டே ரெண்டு என்று எழுதினாள். புதிசாக வந்தவள், பெரியவர் சொல்கிறார், வழக்கமும் அதுதான் என்கிறார். அந்த ரெண்டை நம்பி அந்த மூலைக்கும் மற்ற மூலைக்குப் போட்ட அதே அடித்தளத்தைப் போட்டார்கள். அடுக்களை அந்த மூலையில்தான் வந்தது.

முதல் மழைக்குச் சுவரில் ஒரு மயிரிழைக் கோடு. இரண்டாம் மழைக்கு விரல் நுழையும் விரிசல். கதவு நிலை கோணிக்கொண்டது. அந்த வீட்டில் இன்றைக்கும் ஒரு உருளைக்கிழங்கு கீழே விழுந்தால் யாரும் குனிந்து தேட மாட்டார்கள், நேராக மூலைக்குப் போய் எடுத்துக்கொள்வார்கள். பழியைக் கொத்தனார்மேல் போட்டார்கள். சிமெண்டில் கை வைத்துவிட்டான் என்று அத்தான் சொன்னார், அக்கா தெருவெல்லாம் சொன்னாள். அதன் பிறகு அந்தத் தெருவில் யாரும் அந்தக் கொத்தனாரை வேலைக்குக் கூப்பிடவில்லை. ஒருநாள் கடைத்தெருவில் அவர் எதிரில் வந்தார். இவள் எதையோ மறந்தவள் மாதிரித் திரும்பி வேறு சந்தில் புகுந்தாள். அந்தச் சந்துக்குள் நடந்த நடையை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குக் காது சுடும்.

அன்றிலிருந்து அவள் ஒவ்வொரு பிடி மண்ணையும் மோந்து, நசுக்கி, கடித்துப் பார்த்தாள். உழைப்பாளி என்று அத்தான் எல்லாரிடமும் பெருமை பேசினார். உழைப்பு என்ன உழைப்பு. குற்றம் பண்ணினவள் கைகழுவுகிற மாதிரி அது.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அவள் போனபோது, ஒண்ணுரெண்டு முக்காலியை நகர்த்திப் புது இடத்தில் நாட்டிக்கொண்டிருந்தார். அவள் நேராக அவர்முன் போய் நின்றாள்.

"அண்ணே, எங்க அக்கா வீட்டுப் பின்மூலை ஞாபகம் இருக்கா?"

அவர் கயிற்றைப் பார்த்தார். கப்பியைப் பார்த்தார். கடைசியில் அவளைப் பார்த்தார். "சொன்னது நான். எழுதினது நீங்க," என்றார் மெதுவாக.

"ஆமாம். நான் எழுதினதை இன்னைக்கு அத்தான்கிட்ட சொல்லப் போறேன். நீங்க சொன்னதைச் சொல்லணுமா வேண்டாமான்னு நீங்களே பார்த்துக்கங்க."

அவர் குழுவிடம், "கோடு போடுறா, நல்லாத் தெரியற மாதிரிப் போடு," என்று கத்தின கத்தலில் நேற்றைய கோபம் இல்லை, வேறு ஏதோ இருந்தது.

பத்து மணிக்கு அத்தான் வந்தார். வெள்ளைச் சட்டை, புது ஹெல்மெட். துளையின் வாயருகே நின்றார். மூன்று மீட்டர், களிமண். நாலரை, களிமண், பதினோரு அடி. அத்தான் முகம் தெளிந்தது. ஆறு மீட்டரில் ஒன்பது அடி. "பார்த்தியா?" என்றார். அவள் மண்ணைக் கடித்துப் பார்த்து, களிமண் என்று எழுதி, ஒன்பது என்றும் எழுதினாள். ஒன்பது என்றால் ஒன்பதுதான், அவளுக்கு அதில் வீம்பு ஒன்றும் இல்லை.

ஏழரை மீட்டர். குழாயை இறக்கினார்கள். கம்பி அடியில் போய் உட்கார்ந்தது என்று எல்லாரும் நினைத்த நொடியில், உட்காராமல் நழுவியது. முதல் கோடு. இரண்டாவது கோடு. மூன்றாவது கோடு. வெளியே எடுத்துப் பிளந்தபோது நேற்றைய வாடை அப்படியே எழும்பி வந்து அத்தானின் வெள்ளைச் சட்டையில் ஏறியது.

"எத்தனை?" என்று அத்தான் ஒண்ணுரெண்டைக் கேட்டார்.

எல்லாவற்றையும் எண்ணுகிற மனுஷர் தன் இரண்டு கையையும் விரித்துப் பார்த்தார், விரல் ஏதாவது குறைந்துவிட்டதா என்கிற மாதிரி. குழு அவரையே பார்த்தது.

"சுத்தியலை இன்னும் மாட்டவே இல்லை சார்," என்றார்.

அத்தான் விறுவிறுவென்று கன்டெய்னருக்கு நடந்தார். அவள் ஒரு கையில் லாக் புத்தகமும் இன்னொரு கையில் ஒரு பிடி கறுப்பு மண்ணுமாகப் பின்னால் போனாள். உள்ளே போனதும் அவர் கதவைச் சாத்தினார்.

"ரெண்டு பேரும் பேசி வெச்சுக்கிட்டீங்களா?"

"மண்ணோட எப்படிப் பேசி வெச்சுக்கறது அத்தான்?"

"மூணுன்னு எழுது. நான் சொல்றேன். முதலாளியாச் சொல்றேன், உன் அக்கா புருஷனாச் சொல்றேன். எப்படி வேணா வெச்சுக்கோ. பின்னால ஏதாவது வந்தா நான் பார்த்துக்கறேன்."

"பின்னால வந்ததை யாரு பார்த்துக்கிட்டா? அந்தக் கொத்தனார்தானே பார்த்துக்கிட்டார்?"

"எந்தக் கொத்தனார்?"

கையிலிருந்த மண்ணை மேசைமேல் வைத்தாள். இதைச் சொன்னால் அறை போகும், வேலை போகும், அக்காவும் போகலாம். சொல்லாவிட்டால் அந்தச் சந்து இருக்கிறது, ஆயுசுக்கும் நடக்கலாம். சொன்னாள்.

"உங்க வீட்டுப் பின்மூலையில எண்ணிக்கை ரெண்டுன்னு இருக்கும், எடுத்துப் பாருங்க. அந்த ரெண்டு நான் எழுதினது. அன்னைக்கும் சுத்தியலை மாட்டலை. கம்பி தானாத்தான் போச்சு. நான் கண்ணால பார்த்தேன். பார்த்துட்டு, வழக்கம்னு சொன்னாங்கன்னு எழுதினேன். சிமெண்டுல யாரும் கை வைக்கலை அத்தான். அடுக்களையைச் சாய்ச்சது கொத்தனார் இல்லை. நான்."

அத்தான் தட்டிலிருந்த பாட்டில்களை வரிசையாகப் பார்த்தார், எல்லாவற்றிலும் அவள் கையெழுத்து.

"ஆறு வருஷம்," என்றார். "என் வீட்டுச் சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கிட்டு ஆறு வருஷம்."

"ஆமாம். அதுக்கு என்ன தண்டனையோ குடுங்க, வாங்கிக்கறேன். வெளியே போன்னாலும் போறேன். ஆனா அதே தப்பை ரெண்டாவது தடவை பள்ளிக்கூடத்துக்குப் பண்ண மாட்டேன். நீங்க சொன்னாலும் பண்ண மாட்டேன், அக்கா வந்து கால்ல விழுந்தாலும் பண்ண மாட்டேன். நீங்க வேற ஆளை வெச்சு எழுதலாம். எழுதினா அந்தத் தாள்ல என் கையெழுத்து இருக்காது."

"எழுதினா என்ன பண்ணுவே?"

அவள் லாக் புத்தகத்தைத் திருப்பி, அட்டையைக் காட்டினாள். ஒவ்வொரு பக்கமும் மூன்று தாள், நடுவில் கார்பன். வெள்ளை ஆபீஸுக்கு, மஞ்சள் கோப்புக்கு. ரோஸ் தாள் அன்றன்றைக்கே கட்டுகிறவர்களின் ஆளிடம் போக வேண்டும். அட்டையிலேயே அச்சடித்திருக்கிறது. ஆனால் ரோஸ் தாள் போய்ச் சேர்ந்ததை அந்தக் கம்பெனியில் யாரும் பார்த்ததில்லை. ஆபீஸில் அழகாக எழுதிய பிரதி போனால் போதும் என்று, ரோஸ் தாளெல்லாம் டீ டம்ளருக்கு அடியில் வைக்கவும் கண்ணாடி துடைக்கவும்தான் ஆயின.

நேற்றைய பக்கத்தையும் இன்றைய பக்கத்தையும் பிரித்து, ரோஸ் தாள் இரண்டையும் சர்ரென்று கிழித்தாள். அத்தான் எழுந்தார். எழுந்தவர் அவளைத் தடுக்கப் போகிறார் என்றுதான் அவள் நினைத்தாள். அவர் மேசைமேல் இருந்த கறுப்பு மண்ணைத் தொட்டார். இரண்டு விரலில் எடுத்து நசுக்கினார். பழுப்புத் தண்ணீர் சட்டைக் கையில் இறங்கியது. அவர் மண்ணைத் தொட்டு எத்தனை வருஷமாயிற்றோ, அவள் அதை எண்ணி வைக்கவில்லை. கதவைத் திறந்துகொண்டு வெளியே நடந்தாள்.

கட்டுகிறவர்களின் ஆள் மனையின் வாசலில் ஒரு குடையை நட்டு, அதன் நிழலில் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அதனால் அவர் பெயர் குடைக்காரர். ஐந்து நாளாக அவரிடம் யாரும் எதையும் கொடுத்ததில்லை, அவரும் கேட்டதில்லை. தாளை நீட்டியதும் அவர் பதறிப்போய் எழுந்தார்.

"என்ன மேடம் இது?"

"உங்க தாள். அன்னைக்கே தரணும்னு அட்டையில போட்டிருக்கு. முதல் நாலையும் தரலை, அது தப்பு, சாயங்காலம் தரேன். இந்த ரெண்டையும் இப்பவே படிங்க. படிச்சுட்டு வாங்கிக்கிட்டேன்னு இங்க கையெழுத்துப் போடுங்க."

அவர் விரலை வைத்து வரி வரியாகப் படித்தார். "சைபர்னு இருக்கே. டெஸ்ட் எடுக்கலையா?"

"எடுத்தோம். அடிக்கறதுக்கு மண்ணு காத்திருக்கலை."

பின்னால் ஒருவர் தொண்டையைக் கனைத்தார். ஒண்ணுரெண்டு அண்ணன். கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு வந்திருந்தார். "பேனாவைக் கொடுங்க மேடம். எண்ணினவர்னு ஒரு கட்டம் இருக்குமே, நாம எப்பவும் காலியா விடுவோமே. அதுல நான் போடறேன்."

இரண்டு தாளிலும் போட்டார். எழுத்துக் கூட்டி மெதுவாக, முழுப் பெயரையும் போட்டார். குடைக்காரர் போனை எடுத்துத் தங்கள் இன்ஜினியரைக் கூப்பிட்டார். அத்தானின் கார் அவர்களைத் தாண்டிப் போயிற்று. நிற்கவில்லை, ஹாரனும் அடிக்கவில்லை.

வேலை முடிந்து பஸ் நிறுத்தத்தில் நின்றபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. அக்காவின் பெயர் போனில் மின்னியது. இந்த ஒரு போனுக்குத்தான் அவள் காலையிலிருந்து பயந்தாள். எடுத்தாள்.

"ஆறு வருஷமா அந்த மனுஷனைச் சபிச்சுக்கிட்டிருக்கேன்," என்றாள் அக்கா.

"தெரியும்."

"பக்கத்துல உட்கார்ந்து நீயும் ஆமான்னு தலையாட்டினே."

"ஆமாம் அக்கா."

"அன்னைக்கு நீ சைபர்னு எழுதியிருந்தா இந்த வீட்டைக் கட்டியே இருக்க மாட்டோமா?"

"கட்டியிருப்பீங்க. அந்த மூலையை மட்டும் இன்னும் ஆழமா எடுத்துக் கட்டியிருப்பீங்க. அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா," என்றாள் அக்கா. அந்தச் சொல்லை அவள் அழுகையோடு சொன்னாளா கோபத்தோடு சொன்னாளா என்று சொல்ல முடியவில்லை. "உங்க அத்தான் வந்ததுலேருந்து அடுக்களையில நாற்காலியைப் போட்டு அந்த மூலையையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கார். கன்டெய்னர் சாவியை உன்கிட்டேருந்து வாங்கி வைன்னார்."

அவள் இடுப்பில் இருந்த சாவியைத் தொட்டுப் பார்த்தாள். அதன் பல்லிடுக்கெல்லாம் சேறு காய்ந்திருந்தது.

"தர மாட்டேன் அக்கா. அவங்க இன்ஜினியர் அந்த மூலையைச் சுத்தி இன்னும் மூணு போர் கேட்டிருக்கார். அத்தானுக்கும் போன் போயிருக்கும். நாளைக்கு ஏழு மணிக்கு ஆரம்பம். அது முடியற வரைக்கும் நான்தான் எழுதுவேன். அதுக்கப்புறம் என்னை அனுப்பறதுன்னா அனுப்பட்டும்."

அக்கா எதையோ முட்டியால் உதைக்கிற சத்தம் கேட்டது. மறுபடி உதைத்தாள். கதவு மூடவில்லை போலிருக்கிறது.

"நாளைக்கு வேலை முடிஞ்சதும் இங்க வா," என்றாள். "வந்து இந்தக் கதவை நீயே மூடிக் காட்டு. அப்புறம் அந்தக் கொத்தனார் வீட்டுக்குப் போறோம். நீ முன்னால நடக்கணும். நான் பின்னால வருவேன். அவர் கதவைத் திறந்ததும் முதல்ல நீதான் பேசணும்."

"வரேன் அக்கா. ரெண்டுக்கும் வரேன். சாவியை மட்டும் கொண்டு வர மாட்டேன்."

"சாவியைக் கேட்டது அவர்டி. நான் உன்னைத்தான் கேட்டேன்," என்று சொல்லிவிட்டு அக்கா போனை வைத்தாள்.